பாளையத்து மைதானமும் பெயர் பெற்ற போர்களும்

பிழைப்பை நாடித் திருவனந்தபுரத்திற்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பத்தார்க்கு முதலில் அறிமுகமாகும் இடங்கள் மூன்று. இறங்குமிடமாகிய தம்பானூர் இரயில் நிலையம் ஒன்று. அரிசியும் பருப்பும் வாங்கும் சாலைக் கடைவீதி மற்றொன்று. அனந்தசயனனாகப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் கோயில் மூன்றாவது. பாளையம் நான்காவதாகத்தான் வந்து சேரும். அதுவும், வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குச் செல்லும் பருவத்தை எய்திய பின்னரே அந்தப் பக்கத்தில் நமக்கு வேலை உண்டாகிறது. ஆயினும் இந்நகரத்து இளைஞர் உள்ளத்தை அறிய விரும்புவோர் ஒரு மாலைப் பொழுதேனும் பாளையத்தில் நின்று பார்த்தல் வேண்டும்.

பாளையம் என்பது படை தங்கும் இடத்தைக் குறிக்கும் சொல். திருவிதாங்கூர் அரசின் படைகள் இங்கே தங்கியிருந்தமையால் அப்பெயர் நிலைத்தது. இன்று அங்கே படை இல்லை. பள்ளிவாசலும், கத்தோலிக்கப் பேராலயமும், கணபதி கோயிலும் ஒன்றையொன்று கூப்பிடு தொலைவில் நிற்கின்றன. சற்று அப்பால் இரண்டு மைதானங்கள். ஒன்று பல்கலைக்கழக விளையாட்டரங்கம். மற்றொன்று காவல் துறையினரின் பொறுப்பில் உள்ள சந்திரசேகரன் நாயர் விளையாட்டரங்கம். முன்னதில் 1984 ஆம் ஆண்டு இந்தியாவும் ஆஸ்திரேலியாவும், 1988 ஆம் ஆண்டு இந்தியாவும் மேற்கிந்தியத் தீவினரும் கிரிக்கெட் ஆடியதுண்டு. ஆயினும் இவ்வூரின் பழங்காதல் கால்பந்தின் மீதே. மழை பெய்து ஓய்ந்த மாலையில், ஈரப் புல்லின் மணமும் வறுத்த கடலையின் மணமும் கலந்து வர, மதில் ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றே ஆட்டம் பார்த்த தலைமுறையினர் இன்றும் இங்கே இருக்கின்றனர். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எளிதில் விடுபட இயலாது.

மைதானத்திற்கு அருகிலேயே பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது. 1866 ஆம் ஆண்டு மகாராஜா கல்லூரியாக உருவான அந்நிறுவனத்தில்தான், ‘மனோன்மணீயம்’ இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை தத்துவம் போதித்தார். அந்நாடகம் வெளிவந்தது 1891 இல். தமிழர்க்கு இவ்வூரில் வேர் இல்லை என்று எண்ணுவோர் அக்கல்லூரியின் வாயிலில் ஒரு நிமிடம் நின்று செல்லலாம். நாடு விடுதலை பெற்ற பிறகு வேறு இரண்டு கல்லூரிகள் தோன்றின. நாயர் சமுதாயச் சங்கத்தார் 1948 இல் கேசவதாசபுரத்தில் மகாத்மா காந்தி கல்லூரியையும், மலங்கரைக் கத்தோலிக்கர் 1949 இல் நாலாஞ்சிறைக் குன்றின்மீது மார் இவானியோஸ் கல்லூரியையும் நிறுவினர். இரண்டும் ஒரே பெருஞ்சாலையில், அடுத்தடுத்து அமைந்தவை. காலையில் ஒரே பேருந்தில் ஏறி, முன்னும் பின்னுமாக இறங்கும் மாணவர்கள் மாலையில் மைதானத்தின் இரு பக்கங்களில் நின்று ஒருவரையொருவர் கேலி செய்வதில் வியப்பில்லை.

இளைய தலைமுறை அறியாத மற்றொரு செய்தியும் இங்கே சொல்லத்தக்கது. 1937 இல் தோன்றிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் எல்லை இன்றைய கேரளத்தோடு நின்றதன்று. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேரும்வரை, நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியும் அங்குள்ள தெ.தி. இந்துக் கல்லூரியும் திருவனந்தபுரத்துக் கல்லூரிகளோடு ஒரே பல்கலைக்கழகக் குடையின்கீழ் இருந்தன. மாநில எல்லை நகர்ந்தது, பல்கலைக்கழகமும் பிரிந்தது. நாஞ்சில் நாட்டுப் பிள்ளைக்கும் நெய்யாற்றின்கரைப் பிள்ளைக்கும் ஒரே கோப்பை என்றிருந்த நிலை அத்தோடு முடிவுற்றது.

கல்லூரி ஆட்டத்தைப் பெற்றோர் பொறுத்துக்கொண்டதற்கு விளையாட்டின் மீதுள்ள பற்று மட்டும் காரணமன்று. கல்லூரி அணியில் நன்கு ஆடிய பையனை நாளை ஓர் அலுவலகம் அழைத்து வேலை கொடுக்கும் என்ற நம்பிக்கையே பெருங்காரணம். இந்நகரம் அலுவலகங்களின் நகரம். ஆகவே அதன் கால்பந்தும் அலுவலகக் கால்பந்தாக வளர்ந்தது. டைட்டானியம் ஆலை, திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி, கணக்காயர் அலுவலகம், மின்வாரியம், காவல் துறை எனத் துறைக்கோர் அணி எழுந்தது. கல்லூரியில் எதிரெதிரே நின்றவர்கள் பின்னர் ஒரே மேசையில் அமர்ந்து கோப்பு எழுதுவர். ஒரே வகுப்பில் இருந்தவர்கள் இரு துறைகளின் சட்டையை அணிந்து மோதுவர். கேரள விளையாட்டுத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் கோதவர்ம ராஜா தலைநகரில் இருந்துகொண்டு இத்தனைக்கும் ஊக்கமளித்தார். அவர் 1971 இல் குலுப் பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். திருவிதாங்கூர் வங்கியும் 2017 ஏப்ரல் முதல் நாளில் பாரத ஸ்டேட் வங்கியோடு கலந்து தன் பெயரை இழந்தது. துறை அணிகளுள் உச்சியைத் தொட்டது காவல் துறை அணியே. 1990 இலும் 1991 இலும் அது ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. ஐ. எம். விஜயன், வி. பி. சத்யன், பாப்பச்சன், ஷரஃப் அலி முதலியோர் அதில் ஆடினர். சத்யன் தலைமையில் கேரளம் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது 1992 இல். அது நடந்த இடம் நம் கோயம்புத்தூர். இந்திய அணிக்கும் தலைவராக விளங்கிய அவர் பிற்காலத்தில் சென்னையில் இந்தியன் வங்கிக்கு ஆடி, 2006 இல் அந்நகரிலேயே மறைந்தார் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இரயில்வே ஊழியராகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு சங்கடம் உண்டு. கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது 1973 டிசம்பர் 27 அன்று, எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில். அணித்தலைவர் மணி ஒருவரே மூன்று கோல்களையும் அடித்தார். முடிவு மூன்றுக்கு இரண்டு. தோற்ற அணி எது? இரயில்வே அணி! அதற்கு முன் மூன்று முறை அக்கோப்பையை வென்ற வலிய அணி அது. இன்றும் அலுவலகத்தில் மலையாள நண்பர்கள் அந்நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், உண்ணும் சோறு உடைமையாளர் பக்கமும் குடியிருக்கும் மண் மறுபக்கமுமாக நம்மை இழுக்கின்றன. நாம் பிறப்பதற்கு முன்பு நடந்த ஆட்டத்திற்காக நாம் ஏன் தலைகுனிய வேண்டும் என்று கேட்டால், சிரிப்பே விடையாகக் கிடைக்கிறது.

இனி நாம் சொல்ல வந்த பொருளுக்கு வருவோம். இத்தனை கல்லூரிகளும் இத்தனை மோதல்களும் இருந்தும், பாளையத்து மைதானத்தில் நிகழும் கல்லூரிப் போட்டி எதற்கும் ஒரு தனிப்பெயர் வழங்கக் கேட்டதில்லை. ‘இன்றைக்கு இவானியோஸும் எம்.ஜி.யும்’ என்பார்கள், அவ்வளவே. இரு கல்லூரிகளின் பெயர்களைச் சேர்த்துச் சொல்வது விலாசம். அது பட்டப்பெயர் ஆகாது. பட்டப்பெயர் என்பது குழந்தைக்குப் பாட்டி இட்ட பெயரைப் போன்றது. பதிவேட்டில் அது இராது. தெருவெல்லாம் அதையே சொல்லும். அப்படி ஒரு பெயரைப் பெற்றுவிட்ட போட்டி, ஆடுவோர் மாறினாலும், ஆண்டுகள் மறைந்தாலும் மறையாது. பெயர் பெறாத போட்டியோ, அதை ஆடியவர்களும் பார்த்தவர்களும் இருக்கும்வரைதான் இருக்கும்.

தமிழிலேயே பெயர் சூட்டப்பெற்ற கல்லூரிப் போட்டி எங்கேனும் உண்டோ என வினவினால், உண்டு. அது தமிழ்நாட்டில் இல்லை. கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே ஆடப்படுவது கால்பந்தன்று, கிரிக்கெட். அங்கே கல்லூரி என்றால் நம் உயர்நிலைப் பள்ளி என்று கொள்க. வெஸ்லியன் பாதிரிமார் 1816 இல் தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும், ஆங்கிலத் திருச்சபையார் 1823 இல் தொடங்கிய பரி யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆண்டுதோறும் மோதி வருகின்றன. மார்ச்சு மாதத்தில் மூன்று நாள் ஆட்டம். இடம், ஒல்லாந்தர் கோட்டைக்கும் பொதுநூலகத்திற்கும் அண்மையில் உள்ள மத்திய கல்லூரி மைதானம். இதற்கு ‘வடக்கின் பெரும்போர்’ என்று பெயர். ‘வடக்கின் சமர்’ என்பாரும் உண்டு. அம்மூன்று நாட்களும் ஊரில் வேறு பேச்சு இல்லை. மேளமும் ஊதுகுழலும் முழங்கக் கொடி பிடித்து ஊர்வலம் போவர். நரைத்த தலையினர் பள்ளி நிறத்தில் கழுத்துப்பட்டி அணிந்து வந்து, தம் பேரன் வயதுப் பையன்களின் ஆட்டத்திற்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பர். டொராண்டோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறை எடுத்து வருவோர் பலர்.

ஒன்றுக்குப் பெயர் கிடைத்ததும் மற்றவையும் பெயர் கேட்டன போலும். வட்டுக்கோட்டையில் உள்ள யாழ்ப்பாணக் கல்லூரியும் சம்பத்திரிசியார் கல்லூரியும் மோதுவது ‘பொன் அணிகளின் போர்’. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் கொக்குவில் இந்துக் கல்லூரியும் மோதுவது ‘இந்துக்களின் போர்’. இப்பெயரை முதன்முதலாகக் கேட்ட நாம் திடுக்கிட்டோம், பின்னர் நகைத்தோம். சமயச் சண்டை ஏதும் இல்லை. இரு பள்ளிகளின் பெயரிலும் இந்து என்ற சொல் இருக்கிறது, அவ்வளவுதான். கொழும்பில் ராயல் கல்லூரியும் புனித தோமையர் கல்லூரியும் 1880 ஆம் ஆண்டளவிலிருந்து ஆடிவரும் போட்டிக்கு ‘நீலங்களின் சமர்’ என்று பெயர். இரு பள்ளிகளின் கொடியிலும் நீலம் உண்டு. நாம் காணும் நுட்பம் ஒன்றுண்டு. இப்பெயர்களுள் எதுவும் இருவருக்கும் இடையிலுள்ள வேற்றுமையைச் சொல்லவில்லை. இருவருக்கும் பொதுவானதையே சொல்கிறது. இருவரும் வடக்கு, இருவரும் பொன், இருவரும் நீலம், இருவரும் இந்து. பங்காளிகள்தாமே வரப்புக்குச் சண்டையிடுவர்? அயலூரானோடு நமக்கு என்ன வழக்கு?

‘போர்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இங்கிருந்து நகர இயலாது. அந்த மண்ணில் உண்மையான போர் வந்தது. கோட்டையைச் சுற்றிலும் குண்டுகள் விழுந்தன. பொதுநூலகம் அதற்கு முன்பே 1981 இல் எரியூட்டப்பட்டது. சில ஆண்டுகள் ‘பெரும்போர்’ ஆட முடியாமல் போயிற்று. உண்மையான போர் விளையாட்டுப் போரை நிறுத்திவிட்டது. 2009 இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அத்தனையும் பட்ட மக்கள் அச்சொல்லைக் கேட்கவே அஞ்சியிருப்பர் என்று நாம் எண்ணுவோம். அவ்வாறன்று. இன்றும் சுவரொட்டியில் ‘போர்’ என்றே அச்சிடுகின்றனர். சிறுவர்கள் அச்சொல்லைக் கூவிக்கொண்டே தெருவில் ஓடுகின்றனர். அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஓரிகன் மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் இரண்டும் தம் கால்பந்துப் போட்டியை ‘உள்நாட்டுப் போர்’ என்று நெடுங்காலம் வழங்கி வந்தன. போரின் துன்பத்தை விளையாட்டாக்குதல் முறையன்று என்று கருதி 2020 இல் அப்பெயரைக் கைவிட்டன. அவர்கள் செய்ததும் சரி. யாழ்ப்பாணத்தார் செய்வதும் சரி என்பதே நம் எண்ணம். ஓரிகனில் அச்சொல் வரலாற்றுப் புத்தகத்திலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் அச்சொல், போருக்கு முன்பிருந்த நல்ல காலத்திலிருந்து வந்தது. தாத்தா சைக்கிளில் சென்று பார்த்த அந்தப் ‘போரை’ அவர்கள் பின்னால் வந்த போருக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

அமெரிக்காவைக் குறிப்பிட்டோம். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் அங்கே படிக்கின்றனர். ஆதலின் சிறிது சொல்வோம். அவர்களது கால்பந்து, கையால் எடுத்து ஓடும் முட்டை வடிவப் பந்து. கல்லூரிப் போட்டிக்குப் பெயரிடுவதில் அவர்களை விஞ்சியவர் இல்லை. ஹார்வர்டும் யேலும் 1875 முதல் ஆடும் போட்டிக்கு ‘ஆட்டம்’ என்பதே பெயர். உலகில் வேறு ஆட்டமே இல்லை என்ற எண்ணம் போலும்! அலபாமாவும் ஆபர்னும் மோதுவதற்கு ‘இரும்புக் கிண்ணம்’ என்று பெயர். அப்போட்டி பல்லாண்டுகள் நிகழ்ந்த பர்மிங்காம் நகரம் இரும்பு உருக்கும் நகரம். டைட்டானியம் அணி ஆடிய நம் ஊரில் இப்படி ஒரு பெயர் யாருக்கும் தோன்றாமற்போனது வியப்பே.

ஆயினும் குடிபெயர்ந்து வாழும் நமக்கு இவை யாவற்றினும் அருகில் உள்ளது கல்கத்தா. அங்கே மோதுவன கல்லூரிகள் அல்ல, கழகங்கள். 1889 இல் தோன்றிய மோகன் பகானும் 1920 இல் தோன்றிய ஈஸ்ட் பெங்காலும் ஆடுவதை ‘பெரிய ஆட்டம்’ என்ற பொருளில் ‘பொரோ மேட்ச்’ என்பர். முன்னது பூர்வீகக் கல்கத்தாக்காரர் கழகம். பின்னது கிழக்கிலிருந்து வந்தேறியோர் கழகம். 1947 இல் நாடு பிளவுபட்டு, வீடு வாசலை இழந்து வந்தவர்க்கு அக்கழகமே ஊராயிற்று. ஊர்க்காரன் சின்னம் இறால். வந்தேறியின் சின்னம் இலிஷ் மீன். வென்றவர் வீட்டில் அன்று அந்த மீன் குழம்பு. ஈஸ்ட் பெங்காலில் 1949 முதல் 1953 வரை ‘பஞ்ச பாண்டவர்’ எனப் புகழப்பெற்ற முன்னணி ஆட்டக்காரர் ஐவர் இருந்தனர். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்னும் ஐவரும் தென்னாட்டவர்! வங்காளத்து அகதிகளின் மானத்தை நம் பக்கத்துப் பிள்ளைகள் காத்தனர் என்றால் நம்மவர்க்குப் பெருமை அன்றோ? 1997 ஜூலையில் இவ்விரு கழகங்களும் மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைச் சால்ட் லேக் அரங்கில் 1,31,000க்கும் மேற்பட்டோர் கண்டனர். இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் இவர்களது ஆட்டத்தின்போது எழுந்த கலகத்தில் 16 பேர் மாண்டனர்.

வந்தேறியவர்க்கென்று ஒரு பக்கம் வேண்டுமா, அல்லது வந்த ஊரின் பக்கத்தில் சேர்ந்துகொள்வதா? இவ்வினா கல்கத்தாவோடு நின்றுவிடவில்லை. திருவனந்தபுரத்துத் தமிழ் வீடுகளில் மாலை வேளைகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அது எழுகிறது. 2014 இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது முதல் கேரள பிளாஸ்டர்ஸும் சென்னையினும் மோதும் ஆட்டத்தைத் ‘தென்னிந்திய டெர்பி’ என்கின்றனர். மஞ்சள் சட்டையினர் கூட்டத்திற்கு ‘மஞ்ஞப்பட’ என்று பெயர். சென்னைப் பக்கத்தில் ஒரு கூட்டத்தார் தம்மைச் ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்று அழைத்துக்கொள்கின்றனர். தந்தை நீலத்தின் பக்கம், மகன் மஞ்சளின் பக்கம் என்று ஒரே கூடத்தில் இரு கட்சி ஏற்படுவதை நாம் பல வீடுகளில் கண்டுள்ளோம். நம் சங்கத்துப் பெரியவர் சிலர்க்கு இது உண்மையாகவே மனவருத்தத்தைத் தருகிறது. மொழி போயிற்று, இப்போது இதுவும் போயிற்றா என்கின்றனர்.

2024 இல் கேரளச் சூப்பர் லீக் தொடங்கி, ‘திருவனந்தபுரம் கொம்பன்ஸ்’ என்னும் அணி சந்திரசேகரன் நாயர் அரங்கைத் தன் ஊர் மைதானமாகக் கொண்டது. அவ்வாண்டில் ஓர் இரவு ஆட்டத்திற்கு நாமும் சென்றிருந்தோம். நமக்கு முன்வரிசையில் சாலைக் கடைவீதியில் மளிகை நடத்தும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், கல்லூரியில் படிக்கும் மகனோடு அமர்ந்திருந்தார். மகன் கழுத்து நரம்பு புடைக்கக் கூவிக்கொண்டிருந்தான்.

“ஏலே, கொம்பன் கொம்பன்னு கத்துதியே, அவன் என்ன பெரிய கொம்பனா?” என்றார் அண்ணாச்சி.

“யானைப்பா. கொம்பன்னா இங்கே தந்தமுள்ள யானை.”

“நம்மூர்லயும் அதுதாம்லே. ஆனா அதுக்கு நீ எதுக்குலே தொண்டையக் கிழிக்க? இது நம்ம ஊரா?”

பையன் திரும்பிப் பார்த்தான். “எனக்கு இதுதானேப்பா ஊரு. நீங்கதான் இங்கே கடை போட்டீங்க. நான் இங்கேதான் பெறந்தேன்.”

அண்ணாச்சி விடையளிக்கவில்லை. சிறிது நேரம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிற்பாதியில் எதிரணியின் பின்காவலன் ஒருவன் காலை வாரிவிட்டபோது, நடுவரை நோக்கி அவர் திருநெல்வேலித் தமிழில் எழுப்பிய முழக்கம் சுற்றிலும் நான்கு வரிசைக்குக் கேட்டது. மலையாள இளைஞர்கள் பொருள் விளங்காமலே கைதட்டினர்.

நம் கருத்தைச் சுருக்காமல் சொல்லிவிடுவோம். பிள்ளைகள் இவ்வூர்ப் பக்கம் நின்று கூவுவதைக் குறையென்று கருதுதல் பொருந்தாது. ‘எந்தப் பக்கம்?’ என்று ஒருவனைக் கேட்கிறார்கள் என்றால் அவனை ஊரான் என்று கொண்டுவிட்டார்கள் என்று பொருள். விருந்தாளியை யாரும் அவ்வாறு கேட்பதில்லை. கேரளத்தைக் கூவும் பையன் தமிழை மறந்துவிடுவான் என்பதற்கும் சான்று இல்லை. வீட்டில் தமிழில் பேசாமலிருந்தால்தான் மறப்பான். அது கால்பந்தின் குற்றமன்று, நம் குற்றம். அதே வேளையில், 2012 இல் தமிழ்நாடு சந்தோஷ் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை முன்னேறி, சர்வீசஸ் அணியிடம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றபோது இங்கே எத்தனை தமிழ் வீடுகளில் அதைப் பேசினார்கள்? கேரளம் அக்கோப்பையை ஏழு முறை வென்றிருக்கிறது. தமிழ்நாடு ஒரு முறையும் வென்றதில்லை. வெல்லாத பக்கத்தை நேசிக்கப் பிள்ளைக்கு யாரேனும் கற்றுத்தர வேண்டும். தந்தை அதைச் செய்யாமல், மகன் மஞ்சள் சட்டை வாங்கிய பின்னர் வருந்துவதில் பயன் என்ன?

நகரத்து அரங்குகளைக் கண்டவர்கள் தெற்கே கடற்கரைக்கும் ஒருமுறை சென்று வரலாம். நெய்யாறு கடலில் கலக்கும் பூவாற்றைக் கடந்தால் பொழியூர். மீனவர் ஊர், கேரளத்தின் தென்கோடி. சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர் பலரை ஈந்த ஊர் என்று கேரளம் முழுவதும் அதை அறியும். 2018 இல் கல்கத்தாவில் வங்காளத்தை வென்று கோப்பையைக் கொண்டுவந்த அணியிலும் பொழியூர்ப் பையன் ஒருவர் இருந்தார். அதை அடுத்த ஊர் நீரோடி. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. அங்கிருந்து இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று வரிசையாக உள்ள கடற்கரை ஊர்களிலும் கால்பந்தே பித்து. இந்தியன் சூப்பர் லீகில் பெயர் பெற்ற மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர். இருபுறத்துப் பிள்ளைகளும் பேசும் பேச்சில் தமிழ் எங்கே முடிகிறது, மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க நம்மால் இயலவில்லை. நாம் சென்றிருந்த மாலையில், கரையேற்றிய படகுகளுக்கு நடுவே, துடுப்புகளை நட்டுக் கோல் கம்பமாக்கி ஆடிக்கொண்டிருந்தனர். இந்த இரு ஊர் ஆட்டத்திற்குப் பெயர் உண்டா என்று ஒரு சிறுவனைக் கேட்டோம். அவன் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பேரா? அங்கேயும் இங்கேயும்னு சொல்லுவோம்” என்று கூறிப் பந்தின் பின்னால் ஓடிவிட்டான்.

போக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். நெய்யாற்றின்கரை அல்லது பூவாறு வழியாகப் பேருந்தில் செல்லலாம். மழைக்காலத்தில் கடல் கரையை அரித்துக்கொண்டு வருவதால் மணற்பரப்பு குறுகி, ஆட்டம் நடைபெறுவது அரிது. மழை ஓய்ந்த பின்னர், ஞாயிறன்று மாலையில் வெயில் தாழும் வேளையில் சென்றால் ஆட்டத்தைக் காணலாம். குடும்பத்தோடு போகிறவர்கள் குடிநீர் எடுத்துச் செல்க. பிள்ளைகளுக்கு ஒரு மாற்று உடையும் வேண்டும். அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்கள்.